சயான் குன்றிலிருந்து ஒரு காட்சி



நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்தது தொல்காப்பியம். மலையும் காடும் வயலும் கடலும் வெறும் இடங்கள் அல்ல, அங்கங்கே வாழ்வோரின் ஒழுக்கத்தை உருவாக்கும் நிலைக்களங்கள் என்று கண்டவர் நம் முன்னோர். ஓவியரைக் 'கண்ணுள் வினைஞர்' என்று பழந்தமிழ் அழைத்தது. காண்போர் கண்ணுக்குள் தம் தொழிலை நிறுத்துவோர் என்பது அதன் கருத்து. புதுக்கோட்டைச் சீமையில் உள்ள சித்தன்னவாசல் குகைக் கோயிலின் மேற்கூரையில் ஒரு தாமரைத் தடாகம் தீட்டப்பட்டுள்ளது. மீனும் அன்னமும் யானையும் எருமையும் மலர் கொய்யும் மாந்தரும் அதில் உள்ளனர். கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த அத்தடாகத்தின் நீர் இன்னும் வற்றவில்லை எனலாம்.

இத்தகைய மரபில் வந்த நாம், இன்று நாம் குடியிருக்கும் நிலத்தை எப்போதேனும் உற்று நோக்கியிருக்கிறோமா? இவ்வினா எமக்குள் எழுந்த விதத்தை முதற்கண் கூறிவிடுவது முறையாகும்.

சிறுவன் எழுப்பிய வினா

சில ஆண்டுகளுக்கு முன், பள்ளியில் 'எங்கள் ஊர்' என்னும் தலைப்பில் படம் வரைந்து வருமாறு எம் இளைய மகனைப் பணித்திருந்தனர். அவன் வரைந்தது என்ன? முக்கோணமாக இரண்டு மலைகள். நடுவே பாதிச் சூரியன். மலையிலிருந்து வளைந்து வரும் ஓர் ஆறு. கரையில் ஒரு குடிசையும் ஒரு தென்னையும். தாராவியில் பிறந்து தாராவியில் வளர்பவன் அவன். எம் சொந்த ஊராகிய திருநெல்வேலிச் சீமைக் கிராமத்திற்கு இருமுறையே வந்திருக்கிறான். அவ்வூரிலும் மலையில்லை, ஆறில்லை; செம்மண் தேரியும் பனைமரமுமே உண்டு. ஆக, அவன் வரைந்த ஊர் இந்த மண்ணில் எங்குமே இல்லாத ஊர்!

"ஏனப்பா, நாம் இருக்கும் தாராவியை வரைந்தால் என்ன?" என்று கேட்டோம்.

"இங்கே வரைய என்ன இருக்கிறது, அப்பா?" என்றான்.

எமக்கு மறுமொழி கிட்டவில்லை. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ரயில்வே சரக்குப் பதிவேட்டில் நாட்டிலுள்ள ஊர்ப் பெயர்களையெல்லாம் எழுதி எழுதிக் கை தேய்ந்தவர் யாம். ஆயினும் யாம் வாழும் ஊரைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. ஒரு கோடு வரைந்ததில்லை. மகனுக்கு விடை கூற வேண்டுமென்ற வேட்கையால் பழைய நூல்களையும் படங்களையும் தேடத் தொடங்கினோம். அத்தேடலில் கிடைத்தவற்றையே அன்பர்கள் முன் வைக்கிறோம்.

குன்றின் மேல் ஓர் ஓவியர்

தாராவிக்குக் கிழக்கே ரயில் பாதையைக் கடந்தால் சயான் குன்று நிற்கிறது. மராத்தியர் அவ்வூரை 'சீவ்' என்பர். எல்லை என்பது அதன் பொருள். உண்மையிலேயே அது எல்லைதான். 1669-ஆம் ஆண்டு முதல் 1677-ஆம் ஆண்டு வரை ஆங்கிலக் கம்பெனியார் அங்கே ஒரு கோட்டை கட்டினர். இப்பால் அவர்களது பரேல் தீவு. அப்பால் போர்த்துகீசியருக்கு உரிய சால்செட் தீவு. இடையே கழியும் சதுப்பும். தாராவியிலேயே, மித்தி ஆற்றங்கரையில், 'காலா கில்லா' என மக்கள் வழங்கும் ரிவா கோட்டை உள்ளது. ஜான் ஹார்ன் என்னும் கவர்னரின் ஆணையால் 1737-ஆம் ஆண்டு கட்டப்பட்டதாக அதன் கல்வெட்டு கூறுகிறது. நம்மவருள் எத்தனை பேர் அக்கல்வெட்டைக் கண்டிருப்போம்?

1791-ஆம் ஆண்டு ஜேம்ஸ் வேல்ஸ் என்னும் ஸ்காட்லாந்து நாட்டு ஓவியர் பம்பாய்க்கு வந்து சேர்ந்தார். பெரிய மனிதர்களின் உருவப்படம் தீட்டிப் பொருளீட்டுவது அவரது தொழில். பூனாவில் பேஷ்வாவையும் நானா பட்னவீசையும் தீட்டியவர் அவரே. ஆனால் அவரது உள்ளம் திறந்த வெளியை நாடியது. 1791, 1792 ஆகிய இரண்டு ஆண்டுகளில் பம்பாய்த் தீவின் மேடுகளில் நின்று பன்னிரண்டு காட்சிகளை வரைந்தார். அவற்றுள் சயான் கோட்டையிலிருந்து கண்ட காட்சியும் உண்டு. 1795-ஆம் ஆண்டு அவர் இங்கேயே மறைந்தார். அவருடைய பன்னிரண்டு காட்சிகளும் 1800-ஆம் ஆண்டில்தான் லண்டனில் நூலாக வெளிவந்தன.

அவர் குன்றின்மேல் நின்ற நாளில் சயானையும் குர்லாவையும் இணைக்கும் தரைப்பாதை கிடையாது. அதன் பணி 1798-இல்தான் தொடங்கியது. மாஹிமையும் பாந்திராவையும் இணைத்த பாதை 1845-இல் திறக்கப்பட்டது. நம் நாட்டின் முதற் பயணிகள் ரயில் போரிபந்தரிலிருந்து சயான் வழியாகத் தாணாவுக்கு ஓடியது 1853-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள். நம் பாட்டன்மார் தோல் பதனிடும் தொழிலுக்காகத் தாராவிக்கு வந்து சேர்ந்தது அதற்கும் பின்னர். எனவே நாம் பிறந்த, உண்ட, உறங்கிய இடமெல்லாம் நீரும் சேறுமாய் இருந்த காலத்தைக் கண்ணாற் கண்டு பதிந்தவருள் அந்த அயல்நாட்டு ஓவியர் ஒருவர். பதிவேடுகள் எல்லையைச் சொல்லும், வரியைச் சொல்லும். அந்த நிலத்தின் மேல் ஒளி எப்படி விழுந்தது என்பதை ஓவியமன்றோ சொல்லும்!

பாபநாசம் முதல் பம்பாய் வரை

அதே காலத்தில் நம் தாயகத்திலும் இருவர் வரைந்துகொண்டிருந்தனர். தாமஸ் டேனியலும் அவர்தம் அண்ணன் மகன் வில்லியமும் 1786-ஆம் ஆண்டு கல்கத்தாவில் வந்திறங்கினர். இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டபோது வில்லியமுக்கு வயது பதினாறை ஒட்டியிருக்கும். வடநாட்டைச் சுற்றி முடித்து, 1792-இல் சென்னை வந்து, அங்கிருந்து பல்லக்கும் குதிரையும் பொதிமாடும் கூடிய பரிவாரத்துடன் தெற்கே கன்னியாகுமரி வரை சென்றனர். கையிலிருந்த பொருள் கரைய, தாம் தீட்டிய ஓவியங்களைக் கல்கத்தாவிலும் சென்னையிலும் குலுக்கல் சீட்டு வைத்து விற்று வழிச்செலவைத் தேடிக்கொண்டனர். கலைஞனின் வறுமை எந்நாட்டிலும் ஒன்றே போலும்!

'இருட்டுப் பெட்டி' என்னும் கருவி அவர்களிடம் இருந்தது. சிறு துளை வழியே புகும் ஒளி, வெளிக்காட்சியை உள்ளேயுள்ள தாளில் விழச்செய்யும். அதன் மேல் பென்சிலால் கோடு இழுத்துக்கொள்வர். இடத்திலேயே பென்சிலும் மெல்லிய நீர்வண்ணமும் கொண்டு வரைந்து, நாடு திரும்பிய பின் செப்புத் தகட்டில் அமிலத்தால் அரித்து அச்சிட்டனர். இவ்வாறு 1795 முதல் 1808 வரை வெளிவந்த அவர்களுடைய தொகுதியில் 144 காட்சிகள் உள்ளன. தஞ்சைப் பெரிய கோயில், திருச்சி மலைக்கோட்டை, மதுரை அரண்மனையின் சிதைவு, மாமல்லபுரத்துக் குடைவரை ஆகியவை அவற்றுள் அடங்கும். இவற்றோடு திருநெல்வேலிச் சீமைப் பாபநாசத்து அருவியும் உண்டு என்று அறிந்தபோது எமக்கு மெய்சிலிர்த்தது. தாராவித் தமிழருள் பெரும்பாலோரின் முன்னோர் பிறந்த சீமை அதுவல்லவா?

டேனியல் இருவரும் 1793-ஆம் ஆண்டு பம்பாய்க்கு வந்தனர். முன்பு கூறிய ஜேம்ஸ் வேல்ஸைச் சந்தித்து, அவருடன் எலிபெண்டா முதலிய குகைகளை வரைந்தனர். வேல்ஸ் இறந்த பின்னர், எல்லோராவைக் குறித்து அவர் விட்டுச்சென்ற வரைபடங்களைத் தாமஸ் டேனியல் 1803-இல் அச்சேற்றி நண்பருக்குரிய கடனைத் தீர்த்தார். எல்லோராவை வரைந்தவருள் கங்காராம் தாம்பட் என்னும் மராத்திய ஓவியரும் இருந்தார் என்பதை மறவாது குறிக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

ஈண்டு ஓர் எண்ணம் எழுகிறது. பாபநாசத்தைக் கண்ட அவ்வோவியர் பம்பாய்க்கு வந்தது போலவே, ஒரு நூற்றாண்டுக்குப் பின் நம் மக்களும் வந்தனர். அவர்கள் பல்லக்கில் வரவில்லை. பஞ்சத்தாலும் கடனாலும் சாதிக் கொடுமையாலும் தள்ளப்பட்டு வந்தனர். அருவியை விட்டுப் பிரிந்த வேதனையும், சதுப்பைக் கண்ட திகைப்பும் அவர்களுக்கு இருந்திருக்கும். ஆனால் அவர்கள் கண்ணாற் கண்டது எந்தத் தாளிலும் இல்லை. பென்சில் பிறர் கையில் இருந்தது. நம்மவர் அப்படங்களின் ஓரத்தில் சுமை தூக்கும் சிற்றுருவங்களாய் நின்றனர். இதனைக் குற்றச்சாட்டாக அன்று, குறையாகவே கூறுகிறோம்.

அலுவலகத்திலிருந்து வந்த ஓவியர்

பின்னர்க் கலைப்பள்ளிகள் தோன்றின. டாக்டர் அலெக்சாந்தர் ஹண்டர் 1850-இல் சென்னையில் ஒன்றைத் தொடங்கினார். பம்பாயில் ஜம்சேட்ஜி ஜீஜிபாய் அளித்த ஒரு லட்ச ரூபாய்க் கொடையால் 1857-இல் ஜே.ஜே. கலைப்பள்ளி பிறந்தது. அதன் ஆசிரியர் ஜான் கிரிபித்ஸ் தம் மாணவரை அழைத்துச் சென்று 1872 முதல் 1885 வரை அஜந்தா ஓவியங்களைப் பார்த்து எழுதுவித்தார். பம்பாய்க் கலைச் சங்கம் 1888-இல் அமைந்தது.

இவற்றையெல்லாம் விட எம் உள்ளத்தைத் தொட்டது வேறொன்று. கோயம்புத்தூரில் 1911-ஆம் ஆண்டு பிறந்த கே.சி.எஸ். பணிக்கர், தந்தையை இழந்து, குடும்பத்தைக் காக்கத் தந்தி அலுவலகத்தில் பணி புரிந்தவர். 1936-இல், இருபத்தைந்தாம் வயதில்தான் சென்னைக் கலைப்பள்ளியில் சேர்ந்தார். அவருடைய தொடக்க கால ஓவியங்கள் நிலக்காட்சிகளே. பின்னர் அதே பள்ளிக்கு முதல்வரானார். 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவினார். பம்பாயில் 1940-களில் எஸ்.எச். ரஸா என்னும் இளைஞர், அச்சுக்கட்டை செய்யும் நிறுவனமொன்றில் வேலை பார்த்துக்கொண்டே நகரத் தெருக்களை நீர்வண்ணத்தில் தீட்டினார். 1950-இல் பிரான்சு சென்று உலகப் புகழ் எய்திய அவர் 2016-இல் மறைந்தார். தந்தி அலுவலகமும் அச்சுக்கட்டைத் தொழிலும் இவர்களுடைய கண்ணை மூடிவிடவில்லை. எனில், சரக்கு அலுவலகம் மட்டும் எம் கண்ணை ஏன் மூடவேண்டும்?

வண்ணக்கோலின் கதை

ஓவியம் என்றதும் செலவு மிகுந்த பொழுதுபோக்கு என அஞ்சுவோர் நம்முள் பலர். அவர்களுக்காகப் பேஸ்டல் வண்ணக்கோலின் கதையைச் சுருங்கக் கூறுவோம். வண்ணப்பொடியைச் சுண்ணத்துடனும் சிறிது பிசினுடனும் பிசைந்து கோலாக உருட்டி உலர்த்தினால் அது உலர் பேஸ்டல். பதினெட்டாம் நூற்றாண்டில் வெனிஸ் நகரத்து ரொசால்பா கரியேரா என்னும் பெண்மணி இக்கோலால் ஐரோப்பிய அரசவைகளையே வியக்கச் செய்தார். நம் நாட்டில் அவனீந்திரநாத் தாகூர், கில்லார்டி என்னும் இத்தாலியரிடம் கல்கத்தாவில் இதனைக் கற்றார்.

வண்ணப்பொடியை எண்ணெயும் மெழுகும் சேர்த்துத் திரட்டினால் அது எண்ணெய்ப் பேஸ்டல். நம் குழந்தைகளின் பையில் இருப்பது இதுவே. இதன் பிறப்பில் ஓர் அரிய செய்தி அடங்கியுள்ளது. ஜப்பானில் யாமமோட்டோ கனாயே என்னும் ஓவியர், பள்ளிகளில் பிள்ளைகள் மாதிரிப் படத்தைப் பார்த்துப் பார்த்து எழுதுவதைக் கண்டு மனம் நொந்தார். குழந்தை தன் கண்ணாற் கண்டதைத் தானே வரைய வேண்டும் என்று இயக்கம் நடத்தி, 1919-இல் சிறுவர் ஓவியக் காட்சி ஒன்றையும் கூட்டினார். அவ்வியக்கத்தின் தூண்டுதலால் சகுரா நிறுவனம் 1925-இல் மலிவான எண்ணெய்ப் பேஸ்டலைச் செய்து விற்றது. ஆகவே இக்கோல் பிறந்ததே, எம் மகன் வரைந்த இரட்டை முக்கோண மலையிலிருந்து குழந்தைகளை மீட்பதற்காகத்தான்! இதனைப் படித்த அன்று எமக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை என்னென்பது!

மும்பையிலேயே 1931-இல் மை தயாரிக்கத் தொடங்கிய கேம்லின் நிறுவனத்தின் கேமல் முத்திரைப் பெட்டி இன்று எந்தத் தெருமுனைக் கடையிலும் கிடைக்கிறது. நீர் வேண்டா, தூரிகை வேண்டா, தட்டு வேண்டா. மடியில் ஒரு டிராயிங் நோட்டு, கையில் ஒரு பெட்டி. இவை இரண்டும் போதும், குன்றேறிவிடலாம்.

ஞாயிறு காலைகள்

ஏறினோம். நேரு பூங்காவின் வழியாகச் சயான் குன்றின் உச்சிக்கு மகனுடன் சென்று அமர்ந்த முதல் ஞாயிறு எம் நினைவில் பசுமையாக உள்ளது. "சூரியனை வரையாதே; சூரியன் எதன்மேல் விழுகிறதோ அதை வரை" என்று மட்டும் கூறினோம். அரை மணி நேரத்தில் நிழல் இடம் மாறிவிட்டது. "அப்பா, முதலில் இருந்த நிறம் இப்போது இல்லையே!" என்று திகைத்தான். பொழுதும் முதற்பொருள்தான் என்று அன்று இருவரும் கற்றோம். தகரக் கூரைகளை அவன் சாம்பல் நிறத்தால் நிரப்பத் தொடங்கி, பிறகு நிறுத்தி, நீலத் தார்ப்பாயையும் துருப்பிடித்த செம்மையையும் கண்டுகொண்டான். வரைய என்ன இருக்கிறது என்று கேட்டவனுக்குப் பெட்டியிலிருந்த பன்னிரண்டு நிறமும் போதவில்லை!

தவறுகளும் நேர்ந்தன. மே மாத வெயிலில் நோட்டுப் புத்தகத்தைப் பையில் திணித்து வந்தோம். மெழுகு இளகி, இடப்பக்கத்து மித்தி ஆறு வலப்பக்கத்திலும் பாய்ந்துவிட்டது. அதுமுதல் பக்கங்களுக்கு இடையே பட்டர் காகிதம் வைக்கிறோம். உலர் பேஸ்டலாயின் ரயில் நெரிசலில் பொடி உதிர்ந்துவிடும். கடற்கரைக் காற்றிலும் மழைக்காலத்திலும் அதனை எடுக்காதிருத்தல் நலம்.

ஒருநாள் காலா கில்லாவின் அருகே மித்திக் கரையில் வரைந்துகொண்டிருந்தோம். தாராவிக் கோளிவாடாவைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் வந்து நெடுநேரம் படத்தைப் பார்த்தார். நாம் வருவதற்கு முன்பே இம்மண்ணில் மீன் பிடித்து வாழ்ந்த குலத்தவர் அவர். படத்தின் ஓர் ஓரத்தில் விரலை வைத்து, "இங்கே எங்கள் படகு நிற்கும், அதை ஏன் போடவில்லை?" என்று மராத்தியில் கேட்டார். அங்கே இப்போது படகு இல்லை. மகன் எம் முகத்தைப் பார்த்தான். கண்டதை மட்டுமே வரைய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவர் யாம், என்ன செய்வது? சற்று எண்ணிய பின் அவனே படத்தில் கைவைக்காமல், அடியில் பென்சிலால், 'இங்கே படகு நின்றது என்று ஆயி சொன்னார்' என்று எழுதிக்கொண்டான். வரலாறு எழுதுவோர் கைக்கொள்ள வேண்டிய நேர்மை இதுவன்றோ என்று வியந்தோம்.

அவன் மூன்று ஞாயிறுகள் அமர்ந்து வரைந்தது சயான் ரயில் மேம்பாலம். 1912-இல் கட்டப்பட்ட அப்பாலத்தின் மேல் யாம் கடந்து சென்ற நாட்கள் எண்ணிலடங்கா. ஒருமுறையேனும் நின்று பார்த்ததில்லை. 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அதனை இடித்துக் கட்டுவதற்காக மூடிவிட்டனர். பாதைகள் பெருகவேண்டும், பாலம் புதிதாக வேண்டும் என்பதை ரயில்வே ஊழியராகிய யாம் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பழைய பாலத்தின் கல்லும் இரும்பும், மாலை வெயில் படிந்த நிறத்தோடு, எம் வீட்டு அலமாரியில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருக்கின்றன. நூற்றுப் பன்னிரண்டு ஆண்டு நின்ற பாலம் போயிற்று. பத்து வயதுச் சிறுவன் இட்ட வண்ணம் நிற்கிறது.

சங்கத்திற்கு ஒரு விண்ணப்பம்

அன்பர்களே! தாராவியைப் புதிதாக அமைக்கும் திட்டம் 2004-ஆம் ஆண்டு முதல் பேசப்பட்டு வருகிறது. மாட்டுங்காவில் நம்மவர் வாழ்ந்த பழைய மாடி வீடுகள் ஒவ்வொன்றாக மாறுகின்றன. செம்பூரில் மரங்கள் இருந்த இடத்தில் கோபுர வீடுகள் எழுகின்றன. மாற்றம் நன்றா தீதா என்பது இக்கட்டுரையின் பொருளன்று. மாறுவதற்கு முன் பார்த்தோமா என்பதே எம் வினா. வசதியான வீடு கிடைப்பவர்கூடத் தம் பழைய வாசல் எப்படி இருந்தது என்று பேரனுக்குக் காட்ட ஒரு தாள் வேண்டாவா? புகைப்படம் இருக்கிறதே என்பீர். கைபேசியில் நொடிக்கு நூறு படம் எடுக்கலாம், உண்மையே. ஆயினும் ஒரு மணி நேரம் ஓரிடத்தில் அமர்ந்து அதன் ஒவ்வொரு கூரையையும் கண்ணால் தடவியவனுக்கே அந்நிலம் சொந்தமாகிறது. மூன்று தலைமுறை வாடகை கொடுத்தும் எமக்குக் கிட்டாத உரிமை எம் மகனுக்கு மூன்று ஞாயிறுகளில் கிட்டியதைக் கண்கூடாகக் கண்டோம்.

எனவே சங்கத்தாரிடம் பணிவுடன் ஒன்று வேண்டுகிறோம். நம் பிள்ளைகள் அரசின் எலிமெண்டரி, இண்டர்மீடியட் ஓவியத் தேர்வுகளை எழுதிச் சான்றிதழ் பெறுகின்றனர், அது நன்று. அத்துடன், ஆண்டுக்கு ஒருமுறையேனும் அவர்களைக் குழுவாக வெளியே அழைத்துச் செல்வோம். சயான் குன்று, காலா கில்லா, குப்பை மேடாக இருந்து சோலையாக மாறிய மாஹிம் இயற்கைப் பூங்கா, மாட்டுங்கா ஐந்து தோட்டம், செம்பூரிலிருந்து தெரியும் டிராம்பே மலை என இடங்களுக்குக் குறைவில்லை. வரைந்த தாளின் பின்னால் இடமும் நாளும் வேளையும் தமிழில் எழுதச் செய்வோம். அவற்றைத் தொகுத்துச் சங்க நூலகத்தில் வைப்போம். அடுத்த ஆண்டு விழாவில் காட்சிக்கு வைப்போம். பெற்றோர் அருகில் அமர்ந்து தாமும் ஒரு கோடு இழுத்தால் இன்னும் சிறப்பு. எமது கோடு இன்றுவரை நேராக வந்ததில்லை, ஆயினும் விடவில்லை.

ஜேம்ஸ் வேல்ஸ் நின்ற அதே குன்றில், இருநூற்று முப்பது ஆண்டுகள் கழித்து, திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை ஒருவன் நின்று வரைந்தான். அவனுக்குப் பின் நூறு பிள்ளைகள் நிற்கட்டும். சதுப்பைத் தூர்த்து, தோலைப் பதனிட்டு, தண்டவாளத்தில் உழைத்து இந்நகரத்தை எழுப்பியோரின் மக்கள், அந்நகரத்தைத் தம் கண்ணாலும் தம் கையாலும் எழுதி வைக்கட்டும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!